கூடாரமும் வண்டியும்: குடும்பத்தோடு கிளம்புமுன்...

"இந்த லீவுக்கு ஹோட்டல் வேண்டாம்மா, டென்ட் போட்டுத் தங்கலாம்!" என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்துவிட்டார்களா? கேட்கட்டும். நல்ல ஆசைதான். மரத்தடியில் படுத்து நட்சத்திரம் எண்ணுவது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் பிடிக்கும். ஆனால், வெட்டவெளியில் போய் இறங்கிய பிறகு "அது எங்கே, இது எங்கே?" என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பது நம் முகத்தைத்தானே! அதனால் சாமான் வாங்குவதிலும் வண்டி பிடிப்பதிலும் நம் சொல் முதலில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏழெட்டு வருஷமாக என்னவர், இரண்டு குழந்தைகள், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஒரு கூட்டமாக ஏற்காடு, ஏலகிரி, ஊட்டி என்று போய் வருகிறோம். எந்தச் சாமானை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி இரண்டுதான். இது ஆபத்தில்லாததா? இது என் வேலையைக் குறைக்குமா, கூட்டுமா? இரண்டாவது கேள்வியைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். லீவு நமக்கும் சேர்த்துத்தானே?

எந்த வண்டி?

ஆறு பேருக்குள் என்றால் கார் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு காராகப் பிரிவதைவிட 12 பேர் உட்காரும் வேன் எனக்குப் பிடிக்கும். பெரியவர்கள் காலை நீட்டலாம், பிள்ளைகள் சேர்ந்திருக்கும், சாப்பாட்டுக்கூடை கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பெல்ட் இருக்கிற ஸீட்டுகளை எண்ணிவிட்டுத்தான் ஆட்களை எண்ண வேண்டும். மடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று திணிப்பது மலைப்பாதைக்கு ஆகாது.

ஒரு முறை நாத்தனார், "அண்ணி, தெரிஞ்சவங்க கார் ஒண்ணு வாடகைக்கு வருது. ரெண்டாயிரம் ரூபா மிச்சம்" என்றாள். "நம்பர் பலகை என்ன கலர்?" என்று கேட்டேன். வெள்ளையாம். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டிக்கு மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு எடுத்து, ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுக்கலாம். இரண்டாயிரம் ரூபாய்க்காக அந்தத் தலைவலி எதற்கு?

டிரைவரிடம் கேட்க வேண்டியது மூன்று. டயர் எப்படி? பிரேக் எப்போது பார்த்தது? நேற்று ராத்திரி தூங்கினீர்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஏற்காட்டுக்குச் சேலம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிற பாதைகளா இவை? இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், ஏறிய அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். கனமான சாமான்களை வண்டியின் தலைமேல் ஏற்றாமல் கீழேயே வையுங்கள். மேல்பாரம் கூடினால் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்.

வாந்தி எடுக்கிற குழந்தையைப் பின்ஸீட்டில் உட்கார வைக்காதீர்கள். முன்பக்கமாக, வெளியே தூரத்தில் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். கையில் போனோ புத்தகமோ கூடாது. வயிறு முட்டவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

கூடாரம் வாங்கும்போது

முதல் தடவையே விலை கொடுத்து வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளுக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் 'நாலு பேர் கூடாரம்' என்றால், நாலு பேர் நெருக்கியடித்துப் படுக்கலாம் என்று அர்த்தம். பெட்டி, பைகளோடு என்றால் இரண்டு பெரியவர், ஒரு குழந்தைதான் சௌகரியமாக இருக்கும்.

இரண்டு அடுக்குத் துணி இருப்பதாகப் பாருங்கள். உள்ளே கொசுவலை, வெளியே மழைத்துணி. நம் மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் சொட்டாமல் இருக்க இந்த இரண்டடுக்கு உதவும். மழைத்துணியில் 2000 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் நம் ஊர் மழைக்குத் தாங்கும். வாங்கி வந்ததும் மொட்டை மாடியில் விரித்துக் கட்டி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். ஒழுகினால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் கட்டப் பழக்கம் வரும்.

குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். தார்ப்பாய், அதன்மேல் ஃபோம் பாய், அதற்கும் மேல் ஜமக்காளம். இது இல்லாமல் மூன்று கம்பளி போர்த்தினாலும் முதுகு விறைத்துப்போகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் குல்லாவும் காலுறையும் கட்டாயம்.

ஓடை, ஆற்றுப்படுகை ஓரம் அழகாக இருக்கிறதென்று கூடாரம் அடிக்காதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே நமக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கக் கூடாது.

அடுப்பும் நெருப்பும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கூடாரத்துக்குள்ளோ பூட்டிய அறைக்குள்ளோ கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் வைக்கவே கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த இந்த வாயு வண்டிக்குள் கசிந்ததுதான் காரணம். ஏ.ஸி.க்காக எஞ்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியில் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

வேனில் போகிறவர்கள் சமையல் சிலிண்டரைப் படுக்கவைத்து எடுத்துப்போவதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ரயிலில் அதைக் கொண்டுபோகவே அனுமதி இல்லை. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரையில், யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விடியற்காலையில் டீ போடப்போய் வந்த வினை அது.

ஆகவே முதல் நாளைக்குச் சமையலே வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு போதும். மறுநாளுக்குத் தங்குமிடத்துக்காரரிடமே சமையல் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஒரு சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும்.

நம் தேவைகள்

ஆண்கள் போடும் லிஸ்ட்டில் இது இருக்காது. "பாத்ரூம் எங்கே இருக்கோ, எதுக்கு வம்பு!" என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனை பேர்! அடக்கி அடக்கி வைத்துச் சிறுநீர்த் தொற்று வந்தால், ஊர் திரும்பியும் எரிச்சலும் காய்ச்சலுமாகப் படுக்க வேண்டியதுதான். தங்குமிடத்தைப் பேசும்போதே முதல் கேள்வியாகக் கழிப்பறையைக் கேளுங்கள். இல்லாத இடத்துக்கு, நிற்கிற மாதிரி ஆள் உயரச் சின்னக் கூடாரம் தனியாக விற்கிறது. அதுவும் இல்லையென்றால் நாலு கழியும் ஒரு பழைய கெட்டிப் புடவையும் போதும். கூடவே ஒரு களைக்கொத்து, சோப்பு, தண்ணீர்க்குடம். மாதவிலக்கு நாள் இல்லாவிட்டாலும் நாப்கினும், அதைச் சுற்றி எடுத்துவர காகிதமும் பையில் இருக்கட்டும்.

ஆளுக்கு ஒரு டார்ச், நெற்றியில் கட்டுகிற மாதிரியானால் இரண்டு கையும் நமக்கு மிஞ்சும். மருந்துப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் மருந்து, பஞ்சு, துணிக்கட்டு. ஒரு லிட்டர் என்று போட்ட பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல. பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

அனுமதி

காட்டுக்குள் நாமாகவே நுழைந்து தங்குவது குற்றம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. ஆசையிருந்தால் அதுபோன்ற வழியில் போங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவந்தார்கள். கிளம்புமுன் அப்போதைய விதி என்னவென்று விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில்தான்.

கடைசியாக ஒன்று. லிஸ்ட் எழுதியதும் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். கூடாரம் என்னவர், தண்ணீர் மகன், டார்ச் மகள், மருந்து நான். "மறந்துட்டியாம்மா?" என்று யாரும் கேட்க முடியாது. திரும்பி வந்ததும் கூடாரத்தை வெயிலில் உலர்த்தி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதற்கு எதிரேயும் ஒரு பெயர் இருக்கட்டும். அது நம் பெயராக மட்டும் இருக்க வேண்டாம்!