உங்களுக்குத் தெரியுமா? புரண்டால் வரும் தலைசுற்றலை மாத்திரை தீர்க்காது

புரண்டு படுத்தாலோ அண்ணாந்து பார்த்தாலோ சில நொடிகள் அறையே சுற்றுகிறதா? உள்காதில் இடம்பெயர்ந்த நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். அவற்றை மாத்திரை நகர்த்தாது; தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்ளி முறை நகர்த்தும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992இல் வெளியிட்ட இந்தச் சிகிச்சைக்குச் சில நிமிடங்களே போதும். 2014இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், செய்துகொண்டவர்களில் 56 சதவீதம் பேருக்குச் சுற்றல் முழுதாக நின்றது. ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவீதம்தான்.

"தானாகவே சரியாகிவிடுமே" என்பார்கள். சிலருக்கு ஆகும், அந்த 21 சதவீதம் அதற்குச் சாட்சி. ஆனால் காத்திருக்கும் நாட்கள் எல்லோருக்கும் ஒன்றல்ல. விஸ்வநத்தத்தில் வெடிமருந்தோடு வேலை செய்யும் பட்டாசுத் தொழிலாளிக்குத் தலைசுற்றலும் ஆபத்து, அதை அடக்கும் மாத்திரைகள் சில தரும் தூக்கக் கலக்கமும் ஆபத்து. சிகிச்சைக்குப் பிறகும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சுற்றல் திரும்ப வருவது உண்மை. அப்போது மறுபடி செய்துகொள்ளலாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சோதித்த பிறகே செய்ய வேண்டும். கழுத்துத் தேய்மானம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.