போர்டு முந்தியா, இட்லி முந்தியா?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருக்கிறீர்களா? அன்று மலையடிவாரத்தில் கால் வைக்க இடம் இராது. புஷ்பக் காவடிகளும், தமிழும் தெலுங்குமாகப் பேசும் ஜனங்களும் நிறைந்திருப்பார்கள். 365 படிகளும் ஏறி இறங்கியவர்களுக்குப் பசி வயிற்றைக் கிள்ளும்.

அடிவாரத்தில் ஓர் இட்லிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கார அம்மாள் கெட்டிக்காரி. ஓர் ஈடு வேகிற நேரத்தில் சட்னி அரைத்து விடுவாள். வெந்நீரையும் இறக்கி வைப்பாள். நீங்கள் தினமும் செய்கிற காரியம்தானே!

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு கெட்டிக்காரி உண்டு. பெயர் கம்பைலர். மனிதர் எழுதும் புரோகிராமை யந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது அதன் வேலை. நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கட்டளைகளை முன்பின்னாக மாற்றியும் வைக்கும். இந்தச் சிக்கனக் கலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஐ.பி.எம். கம்பெனியில் பணியாற்றிய பிரான்சிஸ் ஆலன் என்ற அம்மையார். 2006-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

வரிசை மாறலாம், விளைவு மாறக் கூடாது என்பதே கம்பைலருக்கு விதி. ஆனால் அடுக்களையில் ஒருத்தி மட்டும் இருக்கும் வரையில்தான் இந்த விதி போதும்.

'இட்லி தயார்' என்ற போர்டை முதலில் மாட்டிவிட்டு, இட்லியைப் பிறகு எடுத்து வைத்தால் என்ன? அம்மாள் தனியாக இருந்தால் ஒன்றுமில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு வாசலில் ஒருவர் நின்றால்? ஓடி வந்து காலித் தட்டைப் பார்த்துத் திகைப்பார்!

1995-இல் வெளிவந்த ஜாவா என்ற மொழியில் இதே வம்பு நேர்ந்தது. அதில் ஒரே புரோகிராமுக்குள் பல கைகள் ஒரே சமயத்தில் வேலை செய்யலாம். ஒரு பொருளை ஒரே ஒரு தடவைதான் தயாரிக்க வேண்டும் என்றால், முதலில் வருகிற கை பூட்டுப் போட்டுக்கொண்டு தயாரிக்கும். ஒவ்வொரு தடவையும் பூட்டித் திறந்தால் நேரம் வீணல்லவா? "பொருள் இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார், இல்லாவிட்டால் மட்டும் பூட்டு" என்று ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். அது புத்தகங்களிலும் ஏறிவிட்டது.

உண்மையில், "பொருள் இன்ன இடத்தில்" என்ற விலாசத்தை முதலில் எழுதிவிட்டு, பொருளைப் பிறகு நிரப்பிய கம்பைலர் ஒன்று கையும் களவுமாகப் பிடிபட்டது. கம்பைலர் ஒழுங்காக இருந்தாலும் யந்திரமே வரிசையை மாற்றுவதுண்டு. புரோகிராமில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. எப்போதோ ஒரு தடவை காலை வாரிவிடும். என்னவென்று பார்க்க ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் கோளாறு மறைந்தும் போகலாம். விருந்தாளி வந்ததும் சமர்த்தாகிவிடும் குழந்தை மாதிரிதான்!

மொழியின் விதிகளிலேயே ஓட்டை இருப்பதை 1999-இல் வில்லியம் பியூ என்ற அமெரிக்கப் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். "வரிசையை மாற்றவே கூடாது என்று உத்தரவு போட்டுவிடலாமே?" என்பீர்கள். போடலாம், ஆனால் எல்லாப் புரோகிராமும் நத்தையாகிவிடும்.

வழி சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுப் பெண். பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1987-இல் பட்டம் பெற்ற சரிதா ஆத்வே, அமெரிக்காவில் மார்க் ஹில்லுடன் சேர்ந்து 1990-இல் ஓர் ஒப்பந்தம் மாதிரி சொன்னார். மற்றவர் பார்க்கும் போர்டு எது என்பதைப் புரோகிராம் எழுதுகிறவர் அடையாளம் காட்டிவிட வேண்டும். மற்ற வேலைகளை யந்திரம் தன் இஷ்டப்படி செய்துகொள்ளட்டும். இதற்கு மேல் நியாயமாக யார் சொல்ல முடியும்?

பின்னர் பியூவும் ஆத்வேயும் ஜெரிமி மேன்சனும் ஜாவா விதிகளைத் திருத்தி எழுதுவதில் பங்கு கொண்டார்கள். 2004-இல் வந்த ஜாவா 5-இல் அவை இடம்பெற்றன. 'வாலடைல்' என்ற சொல் முன்பே உண்டு. அதற்கு இப்போது புது அதிகாரம் கிடைத்தது. அச்சொல் இட்ட போர்டை மாட்டுமுன் அதற்கு முந்திய வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். போர்டைப் பார்த்துவிட்டு வருகிறவர் கண்ணுக்கு இட்லி தென்பட்டே தீர வேண்டும்.

2011-இல் சி பிளஸ் பிளஸ் மொழியும் இந்த வழிக்கே வந்தது. அந்தப் பழைய பூட்டு யுக்தியை ஜாவாவில் இப்போது தைரியமாக எழுதலாம். 'வாலடைல்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டால், இன்றைக்கும் காலித் தட்டுதான்!