நுட்பமும் நெகிழ்ச்சியும்: கணிப்பொறியின் காலக்கணக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி யூத ஆலயத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கின்றது. 1760ஆம் ஆண்டையொட்டி எசக்கியேல் ரஹபி என்னும் வணிகர் அதனை எழுப்பினார். அதன் முகப்புகளில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள் இடம்பெற்றன. வழிபடுவோருக்கும் கடைவீதியாருக்கும் மணி இன்னதென்று தெரிந்தால் போதும். வினாடியின் நுண்பகுதி அவர்களுக்குத் தேவையில்லை. காலக்கணக்கின் நுட்பம் தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்னும் இவ்விதி கணிப்பொறிக்கும் பொருந்துவதாகும்.

கணிப்பொறியின் இயக்க அமைப்பில் ‘கெர்னல்’ என்னும் மையப்பகுதி உண்டு. “இத்தனை நேரம் கழித்து எழுப்புக” என்று மென்பொருள்கள் அதனிடம் தவணை கூறி உறங்குகின்றன. லினக்ஸ் கெர்னல் தொடக்கத்தில் சாதாரணக் கணிப்பொறிகளில் வினாடிக்கு 100 துடிப்புகளைக் கொண்டே காலத்தை அளந்தது. இரு துடிப்புகளுக்கிடையே முடிவுறும் தவணைகள் யாவும் அடுத்த துடிப்பில் ஒருங்கே நிறைவேறின. 2006ஆம் ஆண்டில் நானோவினாடிக் கணக்கில் தவணை குறிக்கும் முறை சேர்க்கப்பட்டது. 2007இல், வேலையற்ற வேளையில் துடிப்பையே நிறுத்திவைக்கும் முறையும் வந்தது. நுட்பம் பெருகியது; ஆனால் தவணைகள் தற்செயலாக ஒன்றுகூடும் நன்மை மறைந்தது.

உறங்கும் செயலியை எழுப்புவதற்கும் மீண்டும் உறங்கவைப்பதற்கும் மின்சக்தி செலவாகின்றது. படகுத்துறையில் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு படகு விட்டால் எரிபொருள் என்னாகும்? சற்றுப் பொறுத்தால் ஒரே படகில் அனைவரும் செல்லலாமன்றோ? 2008ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28 இப்பொறுமையை விதியாக்கியது. சாதாரணப் பணியொன்றின் தவணைக்கு 50 மைக்ரோவினாடி நெகிழ்ச்சி அளிக்கப்பட்டது. தவணைக்கு முன் எப்பணியும் எழுப்பப்படமாட்டாது, எல்லைக்குள் தாமதிக்கலாம். மூன்று பணிகளின் தவணைகள் 0, 20, 45 மைக்ரோவினாடிகளில் முடிகின்றன என்று கொள்வோம். கெர்னல் முதற் பணியின் எல்லையாகிய 50ஆவது மைக்ரோவினாடிவரை பொறுத்திருந்து, மூன்றையும் ஒரே விழிப்பில் முடித்துவிடும்.

நெகிழ்ச்சிக்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பின்னணிப் பணிகளுக்கு 40 மில்லிவினாடிவரை நெகிழ்ச்சி அளிக்கப்பட்டதுண்டு. அஞ்சல் வந்துளதா என்று பார்க்கும் பணிக்கு இதனால் கேடில்லை; மின்கலம் கூடுதல் நேரம் நீடிக்கும். ஆனால், 10 மில்லிவினாடிக்குரிய ஒலியை மட்டுமே சேமித்துவைத்துப் பேச்சை ஒலிக்கும் பணிக்கு அதே நெகிழ்ச்சி அளிக்கப்படின், சேமிப்பு தீர்ந்து பேச்சு இடையில் அறுபடும். ஆபத்து வேளையில் உதவி கோருவோர்க்கு அவ்வாறு அறுபடும் ஒரு சொல்லே இன்றியமையாததாக இருத்தல் கூடும். இதனாலேயே உடன்நிகழ் முன்னுரிமை பெற்ற பணிகளுக்கு லினக்ஸ் நெகிழ்ச்சி எதுவும் அளிப்பதில்லை.

ஒரு பணியின் நோக்கத்தைக் கெர்னல் தானாக அறியாது. எத்துணைத் தாமதம் பொறுக்கத்தக்கது என்பதை மென்பொருளை இயற்றுவோரே உணர்ந்து குறித்தல் வேண்டும். அனைத்திற்கும் மிகு நுட்பம் கோரின் மின்கலம் விரைவில் தீரும். அனைத்தையும் தளர்த்திவிடின் பயன் கெடும். எப்பணி காத்திருக்கலாம், எப்பணி காத்திருத்தலாகாது என்று பகுத்தறிவதே இத்துறையின் சாரமாகும்.