துயரைப் பகிரும் சொற்கள்

மனிதர் வாழ்வில் இன்பமும் துன்பமும் பகலும் இரவும்போல் மாறி மாறி வருவன. இன்பம் வந்தபோது சிரிப்பும், துன்பம் வந்தபோது கண்ணீரும் எந்நாட்டு மக்களுக்கும் பொதுவானவை. ஆயினும், கண்ணீரோடு சேர்ந்து பிறக்கும் சொல் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. ஒரு மக்கள் இனம் துயரத்தை எவ்வாறு கருதியது என்பதை அறிய விரும்புவோர், அம்மக்கள் அழும்போது கூறிய சொற்களை நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குதற்குரியவை அயர்லாந்தின் ஐரிஷ் மொழியும், ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேலைத் தீவுகளிலும் வழங்கும் கேலிக் மொழியும் ஆகும். இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிறந்த மொழிகள். ஆதலின், துயரத்தைக் குறிக்கும் சொற்கள் பல இரண்டிற்கும் பொதுவாக உள்ளன.

இம்மொழிகளில் துயரத்திற்கு வழங்கும் பெயர் ‘ப்ரோன்’ என்பது. துயருற்ற ஒருவர், ‘நான் துயரமாக இருக்கிறேன்’ என்று கூறுவதில்லை. ‘துயரம் என்மேல் இருக்கிறது’ என்றே கூறுவர். பசி வந்தால் ‘பசி என்மேல் இருக்கிறது’ என்பதும், மகிழ்ச்சி வந்தால் ‘மகிழ்ச்சி என்மேல் இருக்கிறது’ என்பதும் அவர்கள் மொழி மரபு. இஃது இலக்கண அமைப்பே ஆயினும், இதில் ஆழ்ந்த கருத்து ஒன்று புலப்படுகின்றது. துயரம் மனிதனின் இயல்பன்று. அது வெளியிலிருந்து வந்து அவன்மேல் ஏறிய சுமை. ஒருவன் தலைமேல் உள்ள சுமையைப் பிறர் கைகொடுத்துத் தாங்கலாம் அன்றோ?

அங்ஙனம் தாங்க வருவோர் கூறும் சொற்களும் உண்டு. இறப்பு நேர்ந்த வீட்டிற்குச் செல்லும் ஐரிஷ்காரர், ‘உன் இழப்பு எனக்கு நன்றாக இல்லை’ என்று சொல்லிக் கைகுலுக்குவர். இழப்பைக் குறிக்க அவர்கள் ஆளும் ‘ப்ரிஷ்’ என்னும் சொல், உடைதலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. துணை நின்று வருந்துதலை ‘கோவ்ரோன்’ என்பர். ‘உடன்துயரம்’ என்பதே அதன் நேர்ப்பொருள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வருத்தம் தெரிவிக்க வழங்கும் ‘தூலிக்’ என்னும் சொல்லுக்குக் ‘கடினம்’ என்பதும் பொருள். எவ்வளவு சுருங்கிய சொற்கள்! ஆறுதல் என்னும் பெயரால் நெடிய அறிவுரை கூறுதல் இவற்றில் இல்லை.

சொல்லால் அடங்காத துயரத்திற்கு ‘ஓக்கோன்’ என்னும் அலறல் உண்டு. ‘ஐயோ’ என்பதே அதன் பொருள். அவ்வலறல் பாட்டாக விரியும்போது ‘கீன்’ எனப்படும். அழுதலைக் குறிக்கும் இவ்வினைச்சொல்லை ஆங்கிலமும் கடனாகப் பெற்றுக்கொண்டது. இறந்தவரின் உடலைச் சூழ்ந்து பெண்கள் அமர்வர். ஒப்பாரியில் தேர்ந்த ஒருத்தி முன்நின்று, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பாள். அவருடைய குலத்தையும் கொடையையும் அழகையும் புகழ்வாள். ‘எம்மைவிட்டு ஏன் சென்றாய்?’ என்று கடிந்தும் கொள்வாள். ஏனைய பெண்கள் முன்னும் பின்னும் அசைந்தாடி, ‘கொல்’ எனப்படும் பேரழுகையை ஒருங்கே எழுப்புவர். ஐரிஷ் நாடக ஆசிரியர் ஜான் மில்லிங்டன் சிஞ்சு, ஆரன் தீவுகளில் எண்பது ஆண்டைக் கடந்த மூதாட்டி ஒருத்தியின் இறுதிச் சடங்கில் இவ்வழுகையைக் கேட்டார். அஃது ஒருத்திக்காக மட்டும் எழுந்ததன்று, தீவு மக்கள் அனைவரின் உள்ளத்திலும் புதைந்திருந்த துயரமே வெளிப்பட்டது என்று அவர் 1907இல் வெளியிட்ட நூலில் கருதினார்.

அழுகை சில வேளைகளில் நீதி கேட்கும் குரலாகவும் மாறியது. அந்நாளைய ஆங்கிலேயர் சட்டப்படி, ஐந்து பவுனுக்கு மேற்பட்ட விலையுள்ள குதிரையைக் கத்தோலிக்கர் வைத்திருத்தல் கூடாது. ஆர்ட் ஓ லேரி என்னும் இளைஞர் ஆஸ்திரியப் படையில் பணிபுரிந்து திரும்பியவர். அழகிய குதிரை ஒன்றை உடையவர். அதிகாரம் படைத்த ஒருவர் ஐந்து பவுனுக்கு அதைக் கேட்டார் என்றும், அவர் மறுத்தார் என்றும் மரபுச் செய்தி கூறும். பகை முற்றி, 1773ஆம் ஆண்டு மே மாதம் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி ஐலீன் பாடிய புலம்பல் கணவனின் பெருமையைக் கூறுவதோடு நில்லாமல், கொன்றவரைச் சபிக்கவும் செய்தது. நீதிமன்றம் செவிசாய்க்காத இடத்தில், அவ்வம்மையாரின் பாட்டே வழக்குரைத்தது. ஏட்டில் ஏறுமுன் மக்கள் நாவிலேயே வாழ்ந்த அப்புலம்பல், இன்று ஐரிஷ் இலக்கியத்தின் மணிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

ஸ்காட்லாந்து மலைநாட்டில் இத்தகைய அழுகைக்குக் ‘கோரனாக்’ என்று பெயர். ‘கூடி எழுப்பும் ஓலம்’ என்பது அதன் பொருள். வால்ட்டர் ஸ்காட் என்னும் புலவர் 1810இல் வெளியிட்ட நெடும்பாட்டின் வாயிலாக இச்சொல் உலகெங்கும் பரவியது. ஆனால், அவர் காலத்திலேயே கோரனாக் மறைந்து, பாடைக்கு முன் பைக்குழல் ஊதும் வழக்கம் அதன் இடத்தைப் பெற்றிருந்தது. பைக்குழலில் ஊதப்படும் இரங்கற்பண்ணைக் ‘கூவா’ என்பர். ஸ்கை தீவில் மக்லவுடு குலத்தலைவரிடம் குழலூதியாக இருந்த பாட்ரிக் மோர் மக்கிரிமனுக்கு எட்டு மைந்தர் இருந்தனர் என்றும், ஓராண்டிற்குள் எழுவரை அவர் பறிகொடுத்தார் என்றும் கூறுவர். அத்துயரத்தில் பிறந்ததாகக் கருதப்படும் ‘குழந்தைகளுக்கான கூவா’ இன்றும் ஊதப்படுகின்றது. அதில் சொல் ஒன்றும் இல்லை; ஆயினும், கேட்போர் உள்ளம் கரைகின்றது.

‘கூவா’ என்னும் சொல் பிரிவால் வரும் ஏக்கத்தையும் குறிக்கும். 1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறி அயல்நாடு சென்றனர். அமெரிக்கா செல்வோர் மீள்வது அரிதாகையால், புறப்படும் நாளுக்கு முன்னிரவில் உற்றாரும் அயலாரும் கூடி, இறந்தாருக்கு விழித்திருப்பதுபோல் விழித்திருந்தனர். ‘அமெரிக்க விழிப்பு’ எனப்பட்ட அவ்விரவுகளில், உயிரோடு இருக்கும் மகனுக்காகவே தாயர் ஓலமிட்டு அழுததும் உண்டு.

காலப்போக்கில் இவ்வழக்கம் தேய்ந்தது. ஓலமிட்டு அழுதல் பண்பாடன்று எனச் சமயத் தலைவர்கள் நெடுங்காலம் கண்டித்தனர்; ஆங்கிலம் பரவப் பரவ, பாட்டைப் புரிந்துகொள்வோரும் குறைந்தனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ‘கீன்’ அழுகை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அது முற்றும் அழியுமுன், 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்றுக் குழுவினர் ஊர்தோறும் சென்று, முதியோர் நினைவில் இருந்தவற்றை எழுதி வைத்தனர். 1951இல் அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸ், இறந்த குழந்தைக்காகப் பாடும் புலம்பல் ஒன்றை ஒலிப்பதிவு செய்தார்.

பாட்டு மறைந்தாலும் பண்பு மறையவில்லை. ஆங்கிலம் பேசும் ஐரிஷ்காரரும் இறப்பு வீட்டில் வரிசையாக நின்று, ‘உங்கள் இடுக்கணுக்கு வருந்துகிறேன்’ என்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கிச் செல்வதை இன்றும் காணலாம். மொழி மாறியது, சுமைக்குத் தோள்கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. துயருற்றவர் முன் என்ன சொல்வது என்று அறியாது தயங்கி விலகிச் செல்வோர் எந்நாட்டிலும் உளர். அவர்களுக்கு அம்மக்களின் சொற்கள் கற்பிக்கும் பாடம் எளியது: துயரத்தை அகற்றும் ஆற்றல் நம் சொல்லுக்கு இல்லாதிருக்கலாம்; ஆனால், துயருற்றவர் தனித்து நிற்கவில்லை என்பதை உணர்த்த ஒரு சிறு சொல்லே போதும்.