ஊராட்சிக்கு ஐந்தாண்டு, தனி அலுவலருக்கு எத்தனை ஆண்டு?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2027 மார்ச் தொடக்கம்வரைதான் காலம். மற்ற மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவி இழந்தார்கள். நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நாள் நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவைதான்: எங்கள் ஊரை இனி ஆளப்போவது யார்? தலைவர் இல்லாத ஊராட்சியில் கையெழுத்து போடுவது யார்? இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்ற மூன்று அடுக்கைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். மூன்றாவது அடுக்கை இரண்டாவது அடுக்கு எப்படி வெறுமையாக்க முடிகிறது என்பதுதான் இப்போது புரிந்துகொள்ள வேண்டியது.

தனி அலுவலர் எங்கிருந்து வந்தார்?

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிக்கு 5 ஆண்டு என்று காலம் வகுத்தது. முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து 5 ஆண்டு. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். நகர அமைப்புகளுக்கு 74-வது திருத்தம் இதையே சொல்கிறது. கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்தக் கெடுவை உறுதிப்படுத்தியது. வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதற்காகத் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2022-ல் சுரேஷ் மகாஜன் வழக்கிலும் அதே நீதிமன்றம் சொன்னது.

கெடு தவறினால் மாநில அரசுக்கு என்ன நேரும்? அரசமைப்புச் சட்டம் எதையும் சொல்லவில்லை. தனி அலுவலர் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். ஊராட்சிகள் சட்டத்தில் மாநில அரசு ஒரு திருத்தம் கொண்டுவருகிறது. ஊராட்சி மன்றத்தின் அதிகாரமும் தலைவரின் அதிகாரமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகின்றன. முதலில் ஆறு மாதம் என்பார்கள். ஆறு மாதம் முடியும்போது இன்னொரு திருத்தம் வரும்.

தேர்தலைத் தள்ளிவைப்பதாக அரசு ஓர் உத்தரவுகூடப் போட வேண்டியதில்லை. தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் மாவட்டத்தைப் பிரிப்பதும், ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பதும், இட ஒதுக்கீட்டு அரசாணை வெளியிடுவதும் அரசின் கையில் இருக்கின்றன. எல்லை மாறினால் வார்டு மாறும். வார்டு மாறினால் ஒதுக்கீட்டுக் கணக்கு மாறும். அது முடியாமல் தேர்தல் அறிவிக்கை வராது. ஆகவே ‘மறுவரையறைப் பணி நடந்துகொண்டிருக்கிறது’ என்ற விளக்கத்தை நிர்வாகத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தப் பணியை எப்போது தொடங்குவது என்று முடிவெடுத்ததும் அரசுதான்.

2016-ல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அந்த அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினர் ஒதுக்கீட்டுக் குறைபாட்டை முன்வைத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிழையைத் திருத்தி விரைவில் நடத்தியிருக்கலாம். நடந்தது வேறு. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. நகரவாசிகள் முழுதாக ஒரு பதவிக்காலத்தையே இழந்தார்கள். அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கிய தனி அலுவலர் நிர்வாகம் தி.மு.க. ஆட்சியிலும் நீண்டது, 2025-ல் மறுபடியும் வந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, அந்த ஊர்களில் மக்கள் வாக்களித்து உட்காரவைத்த ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை. 2020-ல் கொரோனா பரவியபோது சென்னையின் 200 வார்டுகளிலும் கவுன்சிலர் இல்லை. அலுவலர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு, அதாவது ஒரு வட்டார வளர்ச்சி அலுவலரின் கைக்கு, 30-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். வட்டார வளர்ச்சி அலுவலர் பதில் சொல்ல வேண்டியது தன் மேலதிகாரிக்கு.

குடியரசுத் தலைவர் ஆட்சியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை தமிழ்நாட்டின் ஆட்சி 356-வது பிரிவால் கலைக்கப்பட்டது. அந்தக் காயம் நம் அரசியலில் இன்னும் ஆறவில்லை. அந்தப் பிரிவுக்கும் கட்டுகள் உண்டு. இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஓராண்டைத் தாண்ட வேண்டுமென்றால் அவசர நிலை அமலில் இருப்பதோடு தேர்தல் ஆணையத்தின் சான்றும் வேண்டும். எப்படியும் மூன்றாண்டுதான் உச்சவரம்பு. எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் தந்த தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றமும் அதை ஆராயும். தனி அலுவலர் ஆட்சிக்கு இப்படி ஓர் உச்சவரம்பு அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. மாநில உரிமைக்காக டெல்லியிடம் வாதாடும் கட்சிகள், அதே நியாயத்தை ஊராட்சிக்கு மறுப்பது எனக்கு வேதனை தருகிறது.

இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது; பட்டியல் சாதியினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் தலைவரானதற்காகவே மேலவளவு முருகேசன் 1997-ல் கொல்லப்பட்டார். அதே ஒதுக்கீட்டின் கீழ் வந்த பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006-ல்தான் முறையாகத் தேர்தல் நடத்த முடிந்தது. உயிர் கொடுத்துப் பெற்ற நாற்காலியை ஓர் அரசாணைத் தாமதம் காலியாக வைத்திருப்பதை ஏற்க முடியாது.

மற்ற கேள்விகள்

முன்னாள் தலைவரின் கையெழுத்து செல்லுமா? பதவிக்காலம் முடிந்த நாளிலிருந்து செல்லாது.

கிராம சபை நடக்குமா? ஆண்டுக்கு ஆறு நாள் நடக்க வேண்டும். போய் உட்காருங்கள், உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மத்திய நிதி வருமா? நிதிக்குழு மானியம் முறையாக அமைக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கு உரியது. 2016-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு அது நிறுத்திவைக்கப்பட்டது.

நீதிமன்றம் போகலாமா? தேர்தல் நடைமுறை தொடங்கிய பின் தடை கேட்பது கடினம். தேர்தலை நடத்தச் சொல்லிக் கேட்க உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

மற்ற மாநிலங்களில்? பெங்களூரு மாநகராட்சி மன்றம் 2020 செப்டம்பரிலும் மும்பை மன்றம் 2022 மார்ச்சிலும் காலம் முடிந்து அதிகாரிகள் கைக்குப் போயின. கேரளம் கொரோனா காலத்திலும் சில வாரத் தாமதத்தோடு 2020 டிசம்பரில் தேர்தலை முடித்தது.

இதற்குத் தீர்வு? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக மாவட்ட, வட்ட, ஊர் எல்லைகளை மாற்றாமல் நிறுத்திவைக்க அரசால் முடிகிறது. பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே உள்ளாட்சி எல்லைகளையும் அப்படி நிறுத்த வேண்டும். அதற்குள் முடியாத மறுவரையறை அடுத்த தேர்தலுக்குப் போகட்டும். ஆறு மாதம் தாண்டிய தனி அலுவலர் நியமனத்துக்கு உயர் நீதிமன்ற அனுமதி கட்டாயம் என்று சட்டத்தில் எழுத வேண்டும். ஓட்டு கேட்டு வரும் எல்லாக் கட்சியிடமும் இந்த இரண்டையும் வாசகர்கள் கேட்க வேண்டும்.