பருத்தி இழையின் நீட்சியும் ஆற்றல் வளர்சிதைமாற்றமும்: பெரம்பலூர், அரியலூர் மானாவாரிப் பயிரை முன்வைத்து

முன்னுரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் மண்ணில் பருத்தி மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது. பஞ்சின் விலையை முடிவுசெய்யும் முதன்மைக் கூறுகளுள் ஒன்று இழையின் நீளம். ஒவ்வோர் இழையும் விதையுறையின் புறத்தோலிலிருந்து எழும் ஒற்றை உயிரணுவே ஆகும். அது பிரிவுறாமல் நீண்டு, தன் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீளம் பெறுகிறது. இவ்வளர்ச்சிக்குரிய ஆற்றலைச் செடி எவ்வாறு அளந்து செலவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீட்சியும் சர்க்கரையும்

பூ மலரும் நாளில் தொடங்கும் நீட்சி ஏறத்தாழ 20 நாள்கள் நிகழும். அப்போது பொட்டாசியம், மாலேட், சர்க்கரை ஆகியவை இழையினுள் திரண்டு நீரை ஈர்க்கின்றன. அதனால் எழும் விறைப்பழுத்தம் நெகிழ்ந்த உயிரணுச் சுவரைத் தள்ளி நீட்டுகிறது. இலையிலிருந்து வரும் சுக்ரோஸைச் சுக்ரோஸ் சிந்தேஸ் என்னும் நொதி பிளந்து, செல்லுலோஸுக்கு நேரடி மூலப்பொருளான யூ.டி.பி.-குளுக்கோஸைத் தருகிறது. இவ்வினைக்கு ஏ.டி.பி. செலவில்லை. இன்வர்டேஸ் நொதியின் வழியே கிடைக்கும் குளுக்கோஸை இந்நிலைக்குக் கொணர ஏ.டி.பி. செலவாகும். சுக்ரோஸ் சிந்தேஸை ஒடுக்கியபோது இழை தோன்றுவதே தடைப்பட்டதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர்.

முடுக்கியும் தடையும்

சர்க்கரை இருப்பை உணர்ந்து வளர்ச்சியை நெறிப்படுத்துபவை டார், ஸ்நார்க்-1 என்னும் இரு புரதங்கள். இவற்றின் பணி அரபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. சர்க்கரை போதுமானபோது டார் புரத ஆக்கத்தையும் உயிரணு வளர்ச்சியையும் முடுக்குகிறது. ஆற்றல் குன்றும்போது ஸ்நார்க்-1 ஆக்கப்பணிகளைக் குறைத்துச் சேமிப்பைப் பயன்படுத்தச் செய்கிறது. ஆகவே, பற்றாக்குறைக் காலத்தில் வளர்ச்சி நிற்பது செடியின் தற்காப்பு முறையாகும்.

வயல்நிலை

ஆவணி, புரட்டாசியில் விதைத்த பயிர் காய்பிடிக்கும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும். மண்ணில் ஈரம் குறைந்தால் முதலில் விறைப்பழுத்தம் தளர்ந்து நீட்சி தடைப்படும். வறட்சி தொடர்ந்தால் இலைத்துளைகள் மூடி, ஒளிச்சேர்க்கை குன்றி, சர்க்கரை வரத்தும் குறையும். நீட்சிக் காலம் கடந்தபின் பெய்யும் மழை இழைச்சுவர் தடிக்க உதவலாம்; இழந்த நீளத்தை மீட்டுத் தராது.

முடிவுரை

இழைநீளம், விறைப்பழுத்தமும் ஆற்றல் இருப்பும் ஒருங்கே அமையும் சில நாள்களிலேயே உருவாகிறது. ஆதலால் பண்ணைக்குட்டையில் உள்ள நீர் சிறிதளவே ஆயினும், பூக்கள் மிகுதியாக மலரும் வாரங்களை ஒட்டிப் பாய்ச்சுவதே இழைநீளத்தைக் காக்கும். மண்ணில் சாம்பல்சத்து குறையாமல் பேணுவதும் இதே காரணத்தால் இன்றியமையாதது.