கணிப்பொறியில் கோரமண்டல்

1977-இல் ஓடத் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸை அறியாத கொல்கத்தாத் தமிழர் உண்டா? அதைக் கணிப்பொறியிலும் ஓட்டலாம். 2001-இல் வந்த ‘மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்’ விளையாட்டில் நாமே உருவாக்கிய எஞ்சினையும் பெட்டியையும் சேர்க்க வழியுண்டு. ஆனால் அது சுலபமல்ல.

முதல் தொல்லை, பெயர். நாம் முழுப் பெட்டியையும் ‘போகி’ என்கிறோம். அங்கே ‘போகி’ என்பது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம் மட்டுமே. பாகங்களின் பெயர் பிசகினால் ரயில் நகரும், சக்கரம் சுழலாது!

இரண்டாவது, அளவு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். ஐரோப்பா, அமெரிக்காவில் பெரும்பாலும் 1,435. அந்தப் பாதையில் நம் வண்டியை ஏற்றினால் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு வெளியே நிற்கும்.

மூன்றாவது, மேலே ஒட்டும் வண்ணப்படம். அது சதுரமாக, 256, 512 என்ற கணக்கில் அமையாவிட்டால் சரியாகத் தெரியாது.

இத்தனை பாடு எதற்கு? சித்தரஞ்சன் எஞ்சின் இழுக்க, நாம் ஊருக்குப் போன பழைய வகைப் பெட்டிகளைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் செய்துவந்தது, 2018-இல் நிறுத்திவிட்டது. இனி அவை குறைந்துகொண்டே போகும். கணிப்பொறி தெரிந்த பிள்ளைகள் இம்முயற்சியில் இறங்கினால், பெரியவர்கள் தங்களிடமுள்ள பழைய ரயில் புகைப்படங்களைத் தேடிக் கொடுங்கள். சரியான அளவுக்கும் வண்ணத்துக்கும் அவையே ஆதாரம்.